கயாக்கில் ஸ்ட்ரைப்பர் ட்ரோலிங்: ஃப்ளாஷர் கட்டணுமா, ட்யூப் போதுமா?

எடிசன்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன், ஏப்ரல் பாதியிலிருந்து ராரிட்டன் பே என்ற விரிகுடாவில் கயாக்கில் ஸ்ட்ரைப்பருக்கு (ஸ்ட்ரைப்ட் பாஸ் மீன்) ட்ரோலிங், அதாவது லூர் என்ற செயற்கை இரையைப் பின்னால் இழுத்துக்கொண்டே போவது, செய்யலாம் என்று இருக்கிறேன். 12 அடி பெடல் கயாக், சின்ன ஃபிஷ் ஃபைண்டர் ஒன்று உண்டு. போன வருடம் ஒன்டாரியோ ஏரியில் சாமன் பிடிக்க சார்ட்டர் படகில் போனபோது லூருக்கு முன்னால் பெரிய ஃப்ளாஷர் தகட்டைக் கட்டி இழுத்தார்கள். அது தண்ணீருக்குள் சுழன்று மின்னுவதைப் பார்த்துத்தான் மீன் கிட்டே வருகிறது என்று கேப்டன் சொன்னார். ஸ்ட்ரைப்பருக்கும் அப்படி முன்னால் ஏதாவது கட்ட வேண்டுமா? கடையில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் அம்ப்ரெல்லா ரிக் என்கிறார், இன்னொருவர் மோஜோ என்கிறார், கடைசியில் பங்கர் ஸ்பூன் (பங்கர் என்ற இரைமீன் மாதிரி ஆடும் உலோகத் தகடு) ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், அது என் முன்னங்கை நீளம் இருக்கிறது. இதையெல்லாம் காலால் மிதித்து இழுக்க முடியுமா?

கீபோர்ட்_மணி:
பில் இருந்தால் அந்த ஸ்பூனை முதலில் திருப்பிக் கொடுங்கள். பங்கர் ஸ்பூன் நல்ல சாமான்தான், ஆனால் அது படகுக்காரன் சாமான். கம்பி லைன், நீளமான தளர்வான ராடு, மணிக்கு ஏறக்குறைய 3 மைலில் விடாமல் ஓடும் இன்ஜின் எல்லாம் இருந்தால்தான் அது ஒழுங்காக ஆடும். மோஜோ என்ற ஈயத்தலை லூரும் அப்படியே, பெரிய சைஸ் எல்லாம் ஒரு பவுண்டு ஈயத்துக்குமேல் போகும், அதை இழுத்தால் மீன் வருவதற்கு முன் உங்கள் முழங்கால் போய்விடும்.

ஃப்ளாஷர் விஷயம். அந்த ஏரித் தண்ணீர் தெளிந்தது, ஆழமானது, வெளிச்சம் நன்றாக உள்ளே இறங்கும், அங்கே தகடு தூரத்திலிருந்து தெரியும். நம் பே பெரும்பாலும் 20 அடிக்குள்தான், வசந்த காலத்தில் கலங்கல் வேறு. காற்று கிழக்கே திரும்பி ஒரு நாள் அடித்தால் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. அந்தத் தண்ணீரில் ஸ்ட்ரைப்பர் கண்ணைவிட விலாவோரம் ஓடும் உணர்கோட்டையும் மூக்கையும்தான் நம்பி வேட்டையாடுகிறது. அதனால் அதிர்வு தருவதும் வாசம் தருவதும் எடுபடும், மின்னுவது அவ்வளவு எடுபடாது.

இதைவிட எனக்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கயாக்கில் ராடு நுனிதான் நம் கண். லூர் சரியாக ஆடினால் நுனி ஒரே சீராகத் துடிக்கும். துடிப்பு நின்றால் பாசி மாட்டியிருக்கிறது, தடதடவென்று ஆடினால் தரை தட்டுகிறது. முன்னால் ஒரு தகட்டைக் கட்டிவிட்டால் தகட்டின் இழுப்புதான் நுனிக்கு வரும், பின்னால் லூரில் ஒரு கொத்துப் பாசி தொங்கினாலும் தெரியாது. அரை மணி நேரம் பாசியை ஊர்வலம் கூட்டிப்போவீர்கள்.

க்வின்சி_கயல்:
பாஸ்டன் துறைமுகப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி, கயாக்குக்கு என்றே அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு சாமான் இருக்கிறது, ட்யூப் அண்ட் வார்ம். ரப்பர் ட்யூப் 18 முதல் 24 அங்குலம், தலைப்பக்கம் ஸ்விவல் (சுழலும் இணைப்பு), வால்பக்கம் சாய்வாக வெட்டியிருக்கும், அதிலிருந்து ஒரு பெரிய கொக்கி எட்டிப் பார்க்கும், அந்தக் கொக்கியில் ஒரு சாண்ட்வார்ம். அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமே இருக்காது, குழாய் ரிப்பேர் செய்ய வாங்கிய துண்டு மாதிரி இருக்கும், ஆனால் இங்கேயும் கேப் காட், நாரகன்செட் பே பக்கமும் தலைமுறைகளாக மீன் பிடித்துக் கொடுக்கிறது.

படகுக்காரர்களுக்கு இதில் ஒரு தொல்லை. ட்யூப்புக்கு 2 மைலுக்குக் குறைந்த வேகம் வேண்டும், பெரிய இன்ஜினை அவ்வளவு மெதுவாக ஓட்டவே முடியாமல் வாளியைக் கட்டி இழுத்து வேகத்தைக் குறைப்பார்கள். நாம் சோம்பலாக மிதித்தாலே அந்த வேகம்தான்.

கவனிக்க வேண்டிய சங்கதிகள். ட்யூப் நேராக இருக்கக்கூடாது, லேசாக வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் மெதுவாகத் திருகிக்கொண்டு வரும். கயாக் பக்கத்திலேயே போட்டு இழுத்துப் பாருங்கள், சோம்பேறித்தனமாக உருண்டால் சரி, விசிறி மாதிரி சுற்றினால் வளைவு அதிகம், கையால் கொஞ்சம் நிமிர்த்துங்கள். புழுவைத் தலை வழியாகக் கொக்கியில் ஏற்றி, மீதி உடம்பு வாலாகத் தொங்கும்படி விடுங்கள். மடித்து மடித்துக் குத்தினால் ஒரே உருண்டையாகி ட்யூப்பின் ஆட்டத்தையே கெடுத்துவிடும். ட்யூப்புக்கு முன்னால் 4, 5 அடி லீடர் (நுனியில் கட்டும் தனி லைன்), அதற்கு முன்னால் கீல் வைத்த ட்ரோலிங் ஈயம், 15 அடித் தண்ணீருக்கு 2 அவுன்ஸில் ஆரம்பியுங்கள். தரைக்கு ஓரிரு அடி மேலே போக வேண்டும், நடுத்தண்ணீரில் போகிற ட்யூப்பை மீன் சட்டை செய்வதில்லை.

நிறம் பற்றி ஆயிரம் சண்டை உண்டு. கலங்கலில் சிவப்பு, விடிகாலையிலும் அந்தியிலும் கறுப்பு, மற்றபடி கையில் இருப்பது. என்னைக் கேட்டால் நிறத்துக்குச் செலவழிக்கும் கவலையைப் புழுவுக்குச் செலவழிக்கலாம், வாடின புழுவோடு எந்த நிறமும் வேலை செய்யாது.

அம்மாஞ்சி:
கயல் அக்கா, அந்தப் புழு டப்பாவை ஃப்ரிட்ஜில் எங்கே வைப்பீர்கள்? எங்கள் வீட்டில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்த அன்று ஆரம்பித்த பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.

க்வின்சி_கயல்:
கராஜில் தனி ஐஸ்பெட்டி. இங்கே கடைகளில் விற்கும் சாண்ட்வார்ம், ப்ளட்வார்ம் எல்லாம் பெரும்பாலும் மெய்ன் மாநிலச் சேற்றுவெளியில் தோண்டி வருபவை, கடல்பாசியில் சுற்றித் தருவார்கள், அந்தப் பாசியோடேயே குளிர்ச்சியாக வைத்தால் சில நாள் தாங்கும். நல்ல தண்ணீர் படவே கூடாது, செத்துவிடும். ப்ளட்வார்ம் என்றால் விரல் ஜாக்கிரதை, வாயைப் பிதுக்கி நான்கு பல்லையும் வெளியே நீட்டிக் கடிக்கும், குளவி கொட்டிய மாதிரி எரியும். வீட்டில் இதெல்லாம் வேண்டாம் என்றால் செயற்கைப் புழுப் பட்டை கிடைக்கிறது, உயிர்ப்புழு அளவுக்கு இல்லை, ஆனால் வெறும் ட்யூப்புக்கு எவ்வளவோ மேல்.

எடிசன்காரன்:
மிக்க நன்றி அக்கா. ஒரு சந்தேகம், இரை வைத்தால் சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கம் வளைந்த கொக்கி) கட்டாயம் என்று படித்தேனே. ட்யூப்பில் வருவது சாதா ஜே கொக்கி. புழுவும் இரைதானே?

கீபோர்ட்_மணி:
நல்ல கேள்வி. 2021லிருந்து ஸ்ட்ரைப்பருக்கு இரை போட்டால் சர்க்கிள் ஹூக் கட்டாயம்தான். முதலில் ட்யூப்புக்கு விலக்கு கேட்ட மாநிலங்களுக்கு அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் மறுத்துவிட்டது. ஏகப்பட்ட கூச்சல். பிறகு 2021 மார்ச்சில், செயற்கை லூரோடு சேர்த்துக் கட்டிய இரைக்கு இந்த விதி பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். ஆகவே ட்யூப்பில் ஜே கொக்கி சரி, வெறும் புழுவையோ பங்கர் துண்டையோ போட்டால் சர்க்கிள்.

சட்டம் பேச்சு வந்ததால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஒரு மீன், 28 முதல் 31 அங்குலம் வரை மட்டும். 2023க்கு முன் நியூ ஜெர்சியில் 38 வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை அந்த வருடம்தான் இறுக்கினார்கள். காஃப் (மீனைக் குத்தித் தூக்கும் கொக்கிக்கம்பு) போடக்கூடாது. கடல் மீன்பிடிக்கு இலவசப் பதிவு ஒன்று இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, கிளம்புமுன் மாநிலத் தளத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஸ்ட்ரைப்பர் முக்கியமாகக் குஞ்சு பொரிக்கும் செசபீக் விரிகுடாவில் 2019 முதல் வருடா வருடம் குஞ்சுக் கணக்கு சராசரிக்குக் கீழேதான் இருக்கிறது, இன்னும் இறுக்குவார்களே தவிரத் தளர்த்த மாட்டார்கள்.

முத்துநகர்வாசி:
எல்லோரும் அம்ப்ரெல்லா ரிக்கைத் தீண்டத்தகாததாக ஆக்கிவிட்டீர்கள். நான் 21 அடிப் படகு வைத்திருக்கிறேன், கயாக்கும் வைத்திருக்கிறேன், இரண்டிலும் இழுக்கிறேன். மீன் ஒற்றை இரையைவிடக் கூட்டத்தைப் பார்த்தால்தான் வெறி கொள்ளும். குடைக்கம்பி மாதிரி விரியும் நான்கு கம்பி, அதில் கொக்கியில்லாத, ஷாட் என்ற சின்ன ரப்பர் மீன்கள், நடுவில் கொஞ்சம் பின்தள்ளி ஒன்றே ஒன்றில் மட்டும் கொக்கி. கூட்டத்திலிருந்து பின்தங்கின குஞ்சைத்தான் அடிக்கும், அந்தப் பின்தங்கினதில்தான் கொக்கி. சிறிய ரிக்காக வாங்கினால் கயாக்கில் இழுக்கலாம். அட்ராக்டர் (மீனைக் கூப்பிடும் சாமான்) என்றால் இதுதான் அட்ராக்டர், தகடு கிடையாது.

கீபோர்ட்_மணி:
முத்து அண்ணாச்சி, மீன் பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லை. படகில் ஆயிரம் தடவை பிடிக்கும். கயாக்கில் மீன் பக்கத்தில் வந்தபிறகு நடப்பதை யோசியுங்கள். மீன் உங்கள் தொடைக்கு ஓரடி தள்ளி உருள்கிறது, அதன் வாய்க்கும் உங்கள் கைக்கும் நடுவில் நாலு கம்பியும் அதில் ஆடும் ரப்பரும், லைன் வேறு துடுப்பைச் சுற்றியிருக்கிறது. ஒரு கையால் ராடு, ஒரு கையால் மீன், கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. கொக்கி ஒன்றே ஒன்று என்பதால் ஓரளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். கம்பி எல்லாவற்றிலும் கொக்கி மாட்டி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அவர்கள் கயாக் பக்கம் நான் போகவே மாட்டேன்.

முத்துநகர்வாசி:
அதற்குத்தான் நீளக் கைப்பிடி வலை. மீனையும் ரிக்கையும் சேர்த்து வலைக்குள் இறக்கிவிட்டு நிதானமாக எடுக்கலாம். மற்றபடி உங்கள் கணக்கும் நியாயம்தான், புதிதாக வருகிறவர் முதல் வருடமே இதை எடுக்க வேண்டாம்.

டெல்டா_துரை:
கலிபோர்னியாவிலிருந்து ஒரு குரல். இங்கே சாக்ரமென்டோ, சான் வாக்கின் டெல்டாவில் நாங்கள் இழுக்கும் ஸ்ட்ரைப்பர் உங்கள் ஊர்க்காரன்தான். 1879ல் நேவசிங்க், ஷ்ரூஸ்பரி ஆறுகளில் பிடித்த 132 சின்ன மீன்களை ரயிலில் கண்டம் தாண்டிக் கொண்டுவந்து மார்ட்டினெஸ் பக்கம் விட்டார்கள், 1882ல் இன்னும் ஒரு 300. இருபது வருடத்துக்குள் வலை போட்டு வியாபாரம் செய்யும் அளவுக்குப் பெருகிவிட்டது. எடிசன்காரர் வீட்டிலிருந்து நேவசிங்க் ஆறு பக்கம்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் கொஞ்சம் தலைகீழ். நடுவில் மூட்டு வைத்து ஆடும் மின்னோ ப்ளக்கை (சின்ன மீன் வடிவக் கெட்டி லூர்) முன்னால் விட்டு, அதன் வாலிலிருந்து ஒன்றரை அடி லீடரில் ஒரு சின்ன ரப்பர்ப் புழுவையோ ஷாடையோ பின்னால் தொங்கவிடுவோம். ப்ளக் சத்தம் போட்டுக் கூப்பிடும், மீன் பாதி நேரம் பின்னால் வரும் சின்னதைத்தான் எடுக்கும். முன்னால் போகிற லூரே அட்ராக்டர் வேலையையும் பார்க்கிறது, தனியாக எதற்கு ஒன்று?

ஆனால் நான் சொல்ல வந்தது வேகம் பற்றி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் லூரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், வேகத்தை மாற்ற மாட்டார்கள். ஃபிஷ் ஃபைண்டரில் காட்டும் வேகம் தரைக்கு எதிரான வேகம். லூருக்குத் தெரிந்தது தண்ணீருக்கு எதிரான வேகம் மட்டும்தான். ஓதம் வற்றும்போது நீரோட்டத்தோடு போகிறீர்கள், ஜிபிஎஸ் 3 மைல் காட்டுகிறது, நீரோட்டம் ஒன்றரை மைல் என்றால் லூருக்குக் கிடைப்பது ஒன்றரைதான், செத்த மாதிரி வரும். அப்படியே திரும்பி எதிரே வந்தால் ஜிபிஎஸ் ஒன்று காட்டும்போதே லூர் இரண்டரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு திசையில் அடிக்கிறது, திரும்பி வரும்போது அடிக்கவில்லை என்று எத்தனை பேர் புலம்புகிறார்கள், பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். எண்ணைப் பார்க்காமல் நுனித் துடிப்பைப் பாருங்கள், மணி சொன்னதே.

முத்துநகர்வாசி:
இது முக்கியமான விஷயம். ஊரில் வஞ்சிரத்துக்கு இழுக்கும்போது என் அப்பா நீவாட்டை (நீரோட்டத்தை) பார்க்காமல் லைனை இறக்கவே மாட்டார், இங்கே திரையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் போகாதீர்கள், நெளிந்து போங்கள். இடப்பக்கம் திரும்பினால் இடப்பக்க லைன் மெதுவாகிக் கீழே இறங்கும், வலப்பக்கம் வேகமாகி மேலே ஏறும். உள்பக்க லைனில் அடி விழுந்தால் மீன் மெதுவாக, ஆழமாகக் கேட்கிறது என்று அர்த்தம்.

சந்தேக_சாமி:
சத்தம் பற்றி யாரும் பேசவில்லையே. உலக சாதனை ஸ்ட்ரைப்பர், 81 பவுண்டு 14 அவுன்ஸ், 2011 ஆகஸ்டில் கனெக்டிகட் பக்கம் லாங் ஐலண்ட் சவுண்டில் க்ரெக் மையர்சன் பிடித்தது, அவர் தானே செய்த கிலுகிலுக்கும் ஈயத்தோடு பிடித்தார். லாப்ஸ்டர் போடும் சத்தம் மாதிரி என்பார். அப்படியானால் கிலுகிலுப்பு வைத்த ப்ளக்தான் சிறந்த அட்ராக்டர் என்று சொல்லலாமா?

கீபோர்ட்_மணி:
அவர் போட்டது உயிர் விலாங்கு, நீரோட்டத்தில் மிதந்தபடி பிடித்தது, ட்ரோலிங் இல்லை. சத்தம் உதவியிருக்கலாம், ஆனால் இருட்டில் பாறைக்குப் பக்கத்தில் விலாங்கை விட்டால் சத்தமில்லாமலும் பெரிய மீன் எடுக்கும். எனக்குத் தெரிந்து கலங்கல் தண்ணீரில் கிலுகிலுப்பு ப்ளக் கொஞ்சம் கூடுதலாக அடி வாங்குகிறது, அமைதியான தெளிந்த காலையில் அதே சத்தம் ஆழமில்லாத இடத்தில் மீனை விரட்டுகிறது. 5 அடித் தண்ணீரில் நான் சத்தம் போடாத ப்ளக்தான் இழுப்பேன்.

எடிசன்காரன்:
இதுவரை புரிந்தது: ட்யூப் ஒன்று, ப்ளக் ஒன்று. ப்ளக்குக்கு முன்னால் டீசர் என்று ஒரு சின்ன இறகுக் கொக்கி கட்டுகிறார்களே, அது அட்ராக்டர் கணக்கில் வருமா? ப்ளக் எந்த ஆழம் போகிறதை எடுப்பது?

கீபோர்ட்_மணி:
டீசர்தான் நீங்கள் தேடுகிற சாமான் என்று நினைக்கிறேன். ப்ளக்கிலிருந்து இரண்டு, இரண்டரை அடி முன்னால், லீடரில் ஒரு குட்டைக் கிளை விட்டு 3 அங்குல இறகையோ ரெட் கில் மாதிரி ரப்பர் விலாங்கையோ கட்டுவது. பின்னால் வரும் ப்ளக் அந்தச் சின்னதைத் துரத்துகிற மாதிரி இருக்கும், மூன்றாவது ஒருவன் வந்து சாப்பாட்டைத் தட்டிப் பறிக்கிறான். இழுப்பு கூடாது, நுனித் துடிப்பும் கெடாது. சாண்ட் ஈல் (ஒல்லியான இரைமீன்) ஓடும் நவம்பரில் பெரிய ப்ளக்கை விட்டுவிட்டு டீசரையே எடுக்கும் நாட்கள் உண்டு. ஒரே சங்கடம், சிலசமயம் இரண்டு கொக்கியிலும் மீன் ஏறும், கயாக்கில் அது வேடிக்கை இல்லை. வசந்தத்தில் பே முழுக்கப் பெரிய பங்கர் இருக்கும்போது டீசரைக் கழற்றிவிடுவேன்.

ஆழம்: 5 முதல் 7 அங்குல ப்ளக், 6லிருந்து 10 அடி இறங்குவது ஒன்று போதும். பெட்டியில் போட்ட ஆழத்தை நம்பாதீர்கள், லைன் தடிமனுக்கும் எவ்வளவு தூரம் விடுகிறீர்கள் என்பதற்கும் ஏற்ப மாறும். 20 பவுண்டு ப்ரெய்டில் (பின்னல் லைனில்) 100 அடி பின்னால் விட்டால் பெட்டியில் போட்டதைவிடக் கீழேயே போகும். ப்ரெய்டில் மார்க்கர் பேனாவால் 50, 100, 150 அடியில் கறுப்புக் கோடு போடுங்கள், மீன் அடித்த தூரத்துக்கே திரும்ப விடலாம். ஆழம் துல்லியமாக வேண்டுமானால் லெட்கோர் (உள்ளே ஈயம் வைத்த) லைன், 10 கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும், மெதுவான வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய 5 அடி. ஆனால் அதற்குத் தனி ரீல் வேண்டும், பேயில் தேவையில்லை.

ப்ளக்கில் வரும் மும்முனைக் கொக்கிகளைக் கழற்றி ஒற்றைக் கொக்கி மாட்டிவிடுங்கள், முள்ளையும் ப்ளையரால் நசுக்கிவிடுங்கள். பெரும்பாலான மீனைத் திருப்பி விடத்தான் போகிறீர்கள், மடியில் துள்ளும் 30 அங்குல மீனின் வாயில் இரண்டு மும்முனைக் கொக்கி இருந்தால் ஒன்று அதற்கு, ஒன்று உங்கள் தொடைக்கு.

க்வின்சி_கயல்:
லூர் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, உடை பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஏப்ரலில் தண்ணீர் 50 ஃபாரன்ஹீட் சுற்றித்தான் இருக்கும். வெளியே வெயில் 70 என்று டீ ஷர்ட்டில் இறங்குகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். விழுந்தால் முதல் நிமிடத்தில் மூச்சு திணறும், பத்து நிமிடத்தில் விரல் மடங்காது, கயாக்கில் ஏறிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையெல்லாம் அதோடு சரி. ட்ரை சூட் (தண்ணீர் புகாத உடை), அதன்மேல் லைஃப் ஜாக்கெட், ஜாக்கெட்டிலேயே மாட்டிய விஎச்எஃப் ரேடியோ. ராடுக்கும் கயிறு கட்டுங்கள். முதல் தடவை ஒரே ராடு போதும், உட்கார்ந்தபடி நேர் எதிரே தெரிகிற மாதிரி ஹோல்டரில் வையுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். ரீலின் ட்ராகை (லைனைப் பிடிக்கும் பிரேக்) தளர்த்தி க்ளிக்கரை (லைன் ஓடினால் சத்தம் போடுவது) போட்டுவிடுங்கள், பெரிய மீன் அடித்தால் கயாக்கைக் குறுக்கே திருப்பப் பார்க்கும், அப்போது மூக்கை மீன் பக்கம் திருப்பி அது இழுக்கிற திசையிலேயே கொஞ்ச நேரம் போகவிடுங்கள்.

கீபோர்ட்_மணி:
கப்பல் கால்வாயைக் குறுக்கே கடப்பதும் வேண்டாம். ஃபெர்ரி அலை வந்தால் மூக்கை அதற்கு நேரே காட்டுங்கள். கீபோர்ட், யூனியன் பீச், கீன்ஸ்பர்க் முன்னால் கரையோரமே ஏப்ரலில் மீன் இருக்கும், ஆழமில்லாத சேற்றுத்தரை முதலில் சூடாகிறது, பங்கரும் அங்கேதான் வந்து சுற்றும். தூரம் போய் நிரூபிக்க ஒன்றுமில்லை.

அம்மாஞ்சி:
குழம்புக்கு ஒன்று எடுத்து வரலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கீபோர்ட்_மணி:
28 முதல் 31க்குள் ஒன்று எடுக்கலாம். ஆனால் இந்தத் தண்ணீர் மீனில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை சாப்பிடலாம் என்று மாநிலமே பட்டியல் போட்டிருக்கிறது, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடு என்றால் அதைப் பார்த்துவிட்டுச் சட்டி வையுங்கள். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் விலாவோரக் கறுப்புச் சதையையும் வெட்டி எறிந்துவிட்டால் கொஞ்சம் குறையும்.

எடிசன்காரன்:
ஸ்பூனைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு ட்யூப் இரண்டு, 6 அங்குல ப்ளக் ஒன்று, கீல் ஈயம் வாங்கினேன். கடைசியாக ஒன்று. ட்யூப் சுற்றிக்கொண்டே வந்தால் லைன் முறுக்கிக்கொள்ளாதா? ஸ்பின்னிங் ரீல்தான் இருக்கிறது.

க்வின்சி_கயல்:
முறுக்கும், கீல் ஈயம் இருப்பதே அதற்குத்தான். ஈயத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டு பால் பேரிங் ஸ்விவல் போடுங்கள், சாதா பித்தளை ஸ்விவல் பாரம் ஏறினால் சுற்றாது. அப்படியும் முறுக்கினால் லூர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் லைனை 200 அடி பின்னால் விட்டுப் பத்து நிமிடம் மிதியுங்கள், தானே அவிழ்ந்துவிடும். மே மாதம் ப்ளூஃபிஷ் வந்தபிறகு கூடுதலாக ட்யூப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாலைக் கத்தரித்த மாதிரி வெட்டிக்கொண்டு போகும். வெட்டின ட்யூப்பை எறிய வேண்டாம், கொக்கியை முன்னால் இழுத்துக் கட்டினால் குட்டை ட்யூப்பாக ஓடும், ஜூனில் சின்ன மீனுக்கு அதுவே போதும்.